லண்டன் – பாரிஸ்: பிளேனா, ரெயினா?

போன கிழமை மச்சாள் ஃபோன் எடுத்து, "ஹீத்ரோவில இருந்து பாரிஸ் சார்ள்ஸ் டு கோலுக்கு ஒண்டேகால் மணித்தியாலம்தான், பிறகேன் நீங்கள் ரெயினில இழுபடுறியள்" எண்டு கேட்டா. அவ சொன்ன கணக்கில பிழை இல்ல. நேர்கோட்டில 350 கிலோமீட்டர் கூட வராது, அந்த ஒண்டேகால் மணித்தியாலத்திலயும் பிளேன் வானத்தில நிக்கிறது ஒரு ஐம்பது நிமிசம் வரும், மிச்சம் எல்லாம் ஓடுபாதைக்குப் போறதும் வாறதும்தான். லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரெயின் ஓடுறது கிட்டத்தட்ட 490 கிலோமீட்டர், ஆக வேகமான ரெயினுக்கே 2 மணி 16 நிமிசம்.

ஆனா நான் பாக்கிறது வீட்டு வாசலில இருந்து பாரிசில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல் வரைக்கும். ஈஸ்ட் ஹாமில இருந்து ஹீத்ரோ போகவே ஒண்டரை மணித்தியாலம் எண்டு வையுங்கோ, ரெண்டு மணித்தியாலம் முன்னம் போய் நிக்கவேணும், பறந்து இறங்கினாப் பிறகு பாஸ்போட் வரிசை, பெட்டி, பிறகு ஆர்இஆர் பி ரெயின் பிடிச்சு லாச்சப்பலுக்குப் பக்கத்து கார் து நோர் ஸ்டேசனுக்கு வர இன்னொரு அரை மணித்தியாலம், எல்லாம் கூட்டினா ஆறு மணித்தியாலம் கிட்ட வந்திடும். யூரோஸ்டார் வெளிக்கிடுற செயின்ட் பாங்கிராஸ் ஸ்டேசனுக்கு எங்கட வீட்டில இருந்து ஹமர்ஸ்மித் லைன் நேரா போகுது, அரை மணித்தியாலம்தான். ரெண்டு நாட்டு பாஸ்போட் செக்கிங்கும் லண்டனிலயே முடிஞ்சிடும், அதால ஒண்டேகால் மணித்தியாலம் முன்னம் போங்கோ. ரெயின் கார் து நோரிலதான் நிக்கும், இறங்கினா நேர வெளிய நடக்கிறதுதான், லாச்சப்பல் கடைத்தெரு பத்து நிமிச நடை. மொத்தம் நாலு, நாலேகால் மணித்தியாலம்.

சாமான் விசயத்திலயும் ரெயின்தான். ரெண்டு பெரிய பெட்டி கொண்டு போகலாம், நிறுக்கமாட்டாங்கள். திரும்பி வரேக்க நல்லெண்ணெய் போத்தல், ஊறுகாய் போத்தல் கையிலயே கொண்டு வரலாம், 100 மில்லி எண்ட கதை இல்ல.

பிளேன் வெல்லுற இடமும் இருக்கு. ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு ஹீத்ரோ பக்கத்து வீடு மாதிரி, அவைக்கு நேரம் சரிக்குச் சரி வந்திடும். பாரிசில இறங்கி வேற பிளேன் மாறுறவைக்கும் அதுதான் சரி. கடைசி நேரத்தில டிக்கெட் தேடினா ரெயின் விலை எக்கச்சக்கமா ஏறியிருக்கும், பள்ளிக்கூட லீவிலயும் அப்பிடித்தான், அந்த நேரம் பிளேன் விலையையும் ஒருக்காப் பாருங்கோ.

இன்னொண்டு, டிக்கெட்டில இருக்கிற நேரத்தைப் பாத்து மயங்காதேங்கோ. பாரிஸ் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. போகேக்க 10 மணிக்கு ஏறின பிளேன் 12.15க்கு இறங்கும் எண்டு போட்டிருக்கும், வரேக்க 10க்கு ஏறி 10.15க்கு இறங்கும் எண்டு இருக்கும், ரெண்டும் அதே ஒண்டேகால் மணித்தியாலம்தான். மச்சாளுக்கு இதையும் சொல்லி, பாரிஸ் பிள்ளையார் கோயில் தேருக்கு ரெயின் டிக்கெட்டை இப்பவே போடச் சொல்லியிருக்கிறன்.