குங் ஃபூவா, யீ ஆர் குங் ஃபூவா?

டிவியில் இணைத்து ஆடும் நின்டெண்டோவின் பழைய கருவியான ஃபேமிகாமுக்கு ஒரே ஒரு சண்டை கேசட் வாங்கினால் போதும் என்று முடிவெடுத்தபோது கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று, ஜப்பானில் ‘ஸ்பார்டன் எக்ஸ்’ என்றும் வெளிநாடுகளில் ‘குங் ஃபூ’ என்றும் விற்றது. இன்னொன்று, கொனாமி நிறுவனத்தின் ‘யீ ஆர் குங் ஃபூ’. இரண்டுமே கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்திலிருந்து 1985இல் வீட்டுக்கு வந்தவை. தொண்ணூறுகளில் நம்மூரில் ‘டிவி கேம்’ வைத்திருந்தவர்களுக்கும் பெயர் தெரியாவிட்டாலும் ஆள் தெரிந்திருக்கும். பல ஆட்டங்களை ஒன்றாகத் திணித்த கேசட்டுகளில் இரண்டும் இருந்தன. நான் வாங்கியது ‘குங் ஃபூ’.

கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பொத்தான் குத்து, ஒரு பொத்தான் உதை, மேல் திசையை அழுத்தினால் தாவல். சத்தமும் படமும் அந்தக் காலத்துக்கு இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன.

‘யீ ஆர்’ ஒற்றைக்கு ஒற்றை. லீ ஒருவனே ஐந்து பேரை வரிசையாகச் சந்திக்கிறான். வாங் தடியோடு வருகிறான், தாவ் நெருப்பு வீசுகிறான், சென் சங்கிலி சுழற்றுகிறான், லாங் நட்சத்திரக் கத்தி எறிகிறாள், மூ உடம்போடு பறந்து வருகிறான். ஆளுக்கொரு ஆயுதம், ஆளுக்கொரு தந்திரம். பின்னால் வந்த மோதல் ஆட்டங்களின் ஜாடை இதில் அப்படியே தெரியும். ஆனால் ஒவ்வொருவரையும் வீழ்த்தும் வழி பிடிபட்டுவிட்டால் அப்புறம் அதே ஐவர்தான், வேகம் மட்டும் கூடும்.

‘குங் ஃபூ’வின் கதை ஒரு வரி. சில்வியாவை மிஸ்டர் எக்ஸ் கடத்திவிட்டான், தாமஸ் ஐந்து மாடி ஏறி மீட்க வேண்டும். ஆனால் அந்த முதல் மாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வருவார்கள். அவர்கள் அடிப்பதில்லை, கட்டிப்பிடிக்கிறார்கள். பிடித்தால் உயிர்க்கோடு மளமளவென இறங்கும். இடமும் வலமும் மாறி மாறி ஆட்டினால்தான் உதறலாம். உதை தூரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். குத்துக்கு நெருங்கி வர விட வேண்டும், ஆனால் புள்ளி அதிகம். ஆக, வருகிற ஒவ்வொருவனையும் பார்த்து ‘பத்திரமா, புள்ளியா?’ என்று கண நேரத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இடையில் கத்தி எறிபவன் ஒருவன் நிற்பான். கத்தி மேலே வந்தால் குனி, கீழே வந்தால் தாவு. அவனைச் சாய்க்க இரண்டு அடி வேண்டும். குனிந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவன் பிடித்துக்கொள்வான்.

என் முடிவுக்குக் காரணமே இந்தக் குத்து-உதைக் கணக்குதான். சில்வியாவை மீட்ட பிறகு ஆட்டம் இன்னும் கடுமையாகி முதலிலிருந்து தொடங்கும். வழி தெரிந்தவனுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது: உதைத்தே கடந்த மாடியை இப்போது குத்தி மட்டும் கடக்க முடியுமா? பழைய கேசட்டில் ‘முடித்த பிறகு என்ன?’ என்பதுதான் கேள்வி. ‘யீ ஆர்’ அதற்கு வேகத்தைத் தவிர வேறு பதில் சொல்வதில்லை.

குறையும் உண்டு. நான்காம் மாடி மந்திரவாதியின் தலையில் அடித்தால் தலை கழன்றுபோய் இன்னொன்று முளைக்கும், குனிந்து அடிக்க வேண்டும். இதை ஆட்டம் எங்கும் சொல்லித் தராது. இரண்டு பேர் ஆடினாலும் மாறி மாறித்தான், சேர்ந்து அல்ல.

‘குங் ஃபூ’வின் ஆர்கேட் மூலத்தை உருவாக்கியவர் ஐரெம் நிறுவனத்தின் தகாஷி நிஷியாமா. பிறகு கேப்காம் நிறுவனத்துக்குப் போய் 1987இல், ஒற்றைக்கு ஒற்றை மோதும் முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தை எடுத்தவரும் இவரே. ஒற்றைக்கு ஒற்றைக்கு அவரும் வந்துவிட்டார் என்று ‘யீ ஆர்’ ரசிகர்கள் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆர்கேட் ‘யீ ஆர்’ வேறு கணக்கு. அதில் எதிரிகள் 11 பேர். நான் அதைக் கொஞ்சமே ஆடியிருக்கிறேன், அதனால் என் தீர்ப்பு ஃபேமிகாம் கேசட்டுக்கு மட்டும்தான். ஐந்து நிமிடம் கிடைக்கும்போது ஒரு சண்டை போட்டுவிட்டு அணைக்க விரும்புகிறவருக்கு ‘யீ ஆர்’தான் வசதி. ‘குங் ஃபூ’ வாங்குகிறவர்கள் தொடக்கத் திரையில் வரும் இரண்டு வகைகளில் கேம் ஏ-யில் தொடங்குங்கள், பி கடினம்.