கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட உள்ள மீன்தொட்டிக் கடை: நம்மட அக்ஸலாட்டல் சாப்பிடத் தொடங்கிட்டு

நம்மட அக்ஸலாட்டல் (தண்ணிக்குள்ளயே வாழுற, நாலு கால் உள்ள சலமந்தர் சாதி) பப்புவ ரெண்டு வருசமா வளக்கிறன், குட்டியில இருந்து பிரீசர் பிளட்வார்ம் (உறைய வச்ச, கொசு மாதிரிப் பூச்சிட குட்டிப் புழு) மட்டும்தான் தின்னும், வேற என்ன குடுத்தாலும் உறிஞ்சி எடுத்து அடுத்த செக்கன்ல துப்பிரும். வளந்த உசிருக்கு அது மட்டும் காணாதுதானே, மெலிஞ்சிட்டே வந்திச்சு, எனக்கு நித்திரையே இல்ல. முதல் போன கடையில (பேர் வேணாம்) மிதக்கிற மீன் சாப்பாட்டத் தந்து விட்டாங்க, இது தொட்டிக்கு அடியில கிடக்கிற சீவன்!

மறுகாதான் இந்தக் கடைக்குப் போனன். அண்ணன் சாமான் ஒண்டும் எடுத்துக் காட்டல்ல, "தண்ணி எத்தின டிகிரி தங்கச்சி?" எண்டுதான் கேட்டார். வீட்ட வந்து பாத்தா 24, சில்லர்ட (தண்ணியக் குளிராக்கிற மெசின்) பில்டர் அடைச்சுக் கிடக்கு. மெக்சிகோவில சொச்சிமில்கோ ஏரிக் குளிருக்குள்ள இருந்த சாதி, 16-18 தான் அதுக்குச் சுகம், சூடு கூடினா சாப்பாட்டத் தொடாது. மட்டக்களப்பு வெயிலுக்குச் சும்மா விட்டா தண்ணி 30க்குப் போயிரும். கழுவி 18க்கு இறக்கினாப் பிறகுதான் கொஞ்சம் அசைஞ்சிச்சு.

மாட்டெருவுக்குள்ள கிண்டின சிவப்புப் புழுவத் துப்பினதையும் சொன்னன். "அது மஞ்சள் தண்ணி விடும், கசக்கும், வாழையடி மண்ணில உள்ள மத்த மண்புழுவ எடுங்க, உரம் மருந்து அடிச்ச இடம் மட்டும் வேணாம்" எண்டார். கழுவி, பப்புட தலை அகலத்துக்கு மேல போகாம வெட்டி, பொழுதுபட்டு லைட்ட அணைச்சிட்டு இடுக்கியால வாய்க்கு முன்னால மெதுவா ஆட்டணும், அதுக்குக் கண் பெரிசாத் தெரியாது, ஆட்டமும் மணமும்தான். மூணாம் நாள் ஒரு துண்டு உள்ள போயிட்டு, கண் கலங்கிட்டு எனக்கு!

அங்க வாங்கின தாழுற பெலட் தீனையும் பிளட்வார்ம் கரைஞ்ச தண்ணியில ஊற வச்சு ரெண்டு நாள் இடைவெளி விட்டுக் குடுத்தன், ஒரு கிழமை துப்பிச்சு, மறுகா எடுத்திட்டு. துப்பினத உடன அள்ளிருங்க, விட்டா தண்ணியில அமோனியா நஞ்சு ஏறும்.

குறை ஒண்டு, கரண்ட் போன நாள் வாங்கின பிளட்வார்ம் உருகி மறுபடி கட்டியாகிக் கிடந்திச்சு. கொண்டு போய்க் காட்டினன், மாத்தித் தந்தார். வாங்கக்குள்ள பேக்கற்ற ஒருக்கா அமத்திப் பாருங்க.

பின்னேரம் போங்க, அண்ணன் ஆறுதலாக் கதைப்பார்.