பாபநாசத்திலிருந்து சென்னையில் வீடு தேடியது: ஒரு ஆப்பின் சந்தா பற்றி

ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். அந்த அரை, மேப் சரியாக இருந்ததற்கு.

மகளுக்கு ஓ.எம்.ஆரில் வேலை. கூடவே சேரப் போகும் மன்னார்குடிப் பெண்ணும் அவளுமாகத் தங்க ஒரு வீடு வேண்டும். பாபநாசத்தில் உட்கார்ந்துகொண்டு வேளச்சேரியில் டு-லெட் போர்டு தேட முடியாது. புரோக்கர் என்றால் ஒரு மாத வாடகை கமிஷன். அதனால்தான் கமிஷனே இல்லை என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆப்பில் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம்.

கட்டினால் ஓனர்களின் போன் நம்பர் கிடைக்கும், அவ்வளவுதான். அதுவும் எண்ணித்தான் தருவார்கள். வாடகைக்குப் போய்விட்ட வீடும் பட்டியலில் அப்படியே கிடக்கிறது. அழைத்தால், "போன மாசமே ஆள் வந்துட்டாங்களே சார்" என்கிறார்கள். நம் கணக்கில் ஒரு நம்பர் கழிந்துவிடும். ஓனர் என்று போட்டிருக்கும் சிலர் பேச ஆரம்பித்த உடனேயே கமிஷனுக்கு வந்துவிடுகிறார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வீட்டைப் பார்க்குமுன் டோக்கன் அனுப்புங்கள் என்றார் ஒருவர். அவரை அங்கேயே பிளாக் செய்தாயிற்று.

அப்புறம் விண்ணப்பம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் மனு வாங்கியே தலை நரைத்தவன் நான். சிட்டா, அடங்கல் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இங்கே ஆதார், பான், ஆபர் லெட்டர், மூன்று மாதச் சம்பள ஸ்லிப் என்று வரிசையாகக் கேட்கிறது. நாளைக்கு வேலைக்குச் சேரப் போகிற பெண் சம்பள ஸ்லிப்புக்கு எங்கே போவாள்? அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. என் பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஏற்றினேன், வாங்கிக்கொண்டது. யாரும் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆதாருக்கு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். முகம் தெரியாத ஓனருக்கு அது போதும்.

சைவமா அசைவமா என்றும் ஒரு கேள்வி. கெண்டையும் விராலும் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு சைவம் என்று எழுத முடியுமா? உள்ளதை எழுதினேன், பாதிப் பட்டியல் காணாமல் போனது. போனில் ஒரு அம்மா ஊர் கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும், "அங்க எந்தத் தெரு?" என்றார். எதற்குக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியாதா? வைத்துவிட்டேன்.

எனக்குப் பெரிய குறை வேறு. ஜிம், லிப்ட், கிழக்கு வாசல், நாய் வளர்க்கலாமா, எல்லாவற்றுக்கும் பட்டன் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதற்கு இல்லை. சம்பா முங்கிப் பார்த்தவன் வாய்க்காலைக் கேட்குமுன் வடிகாலைக் கேட்பான். வேளச்சேரி, மடிப்பாக்கம் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே என்ன ஆனது என்று நாடே பார்த்தது. அதனால் ஓனர்களிடம் நானே கேட்டேன்: மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, கோடையில் லாரித் தண்ணீருக்கு யார் பணம்? பெரும்பாலும், "நம்ம தெருவுல நிக்காது சார்" என்ற பதில்தான். மடிப்பாக்கத்தில் ஒருவர் மட்டும், "கிரவுண்ட் ஃப்ளோர் வேணாம் சார், போன புயல்ல சம்ப்புக்குள்ள சாக்கடை வந்துடுச்சு. ரெண்டாவது மாடி காலியாகுது, அதைப் பாருங்க" என்றார். அந்த வீட்டையே பேசி முடித்தோம்.

ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார். பத்து மாதம் கேட்கும் ஊரில் இது பரவாயில்லை என்பார்கள். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இதைச் சொன்னதும் மனிதர் கோபப்படவில்லை, நாலு மாதத்துக்கு இறங்கி வந்தார். சரி என்றேன்.

ஆப் தரும் ரெடிமேட் அக்ரிமென்ட்டை மட்டும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்ற வரி, ஓனர் கேட்காமலே அதில் இருந்தது. அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன், ஓனரும் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். கரண்ட் பில் மின்வாரியக் கணக்கா, சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தாவில் மிச்சமிருந்த நம்பர்களுக்குப் பணம் திரும்ப வராதாம். அந்தக் கம்பெனியிலிருந்து பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வேண்டுமா என்று மட்டும் இன்னும் போன் வருகிறது. இரண்டு பெட்டி, ஒரு அரிசி மூட்டை; கும்பகோணத்தில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏற்றி எப்போதோ அனுப்பியாயிற்று என்று சொன்னாலும் விடுவதாக இல்லை.