மோடவுன் மூவரா, ஃபிலடெல்ஃபியா இருவரா?
அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் பாட்டும் எழுதி ரெக்கார்டும் தயாரித்தவர்களில் எனக்குப் பிடித்த மெட்டுகள் ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் மூவருடையவைதான். சுப்ரீம்ஸ் என்ற பாடகியர் குழுவின் 12 அமெரிக்க நம்பர் ஒன் பாடல்களில் 10 இவர்கள் கைவண்ணம். ஆனால் இவர்கள் வேலை பார்த்த மோடவுன் ரெக்கார்டு கம்பெனி பெரி கோர்டியுடையது. மூவரும் பணத் தகராறில் வெளியேறினார்கள், 1968-ல் மோடவுனோடு வழக்கு. அப்புறம் சொந்த லேபிள் (ரெக்கார்டு வெளியிடும் நிறுவனம்) தொடங்கியும், அந்த வழக்கால் தாங்கள் எழுதிய பாட்டில் தங்கள் பெயரைப் போட முடியவில்லை. 'எடித் வெய்ன்' என்று புனைபெயர்! கொடுமைதான்.

ஃபிலடெல்ஃபியாவின் கேம்பிள், ஹஃப் இருவரும் கெட்டிக்காரர்கள். 1971-ல் சொந்த லேபிள், விநியோகம் சிபிஎஸ் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியின் பொறுப்பு. சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் வயலின்களைக் குவித்துப் பதிவு செய்தார்கள். சில பாடல்களில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், சரி. தொழிலாகப் பார்த்தால் என் ஓட்டு இவர்களுக்கே.