ஸ்டாக்புக்கா, ரிங் பைண்டரா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ அஞ்சல்தலை சேர்ப்பவர் ஆல்பம் வாங்கும்போது விலைக்கு முன்பாக ஈரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால், முத்திரை குத்தப்படாத தலைகளின் பின்புறப் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கு பல மாதங்களுக்கு நீடிக்கிறது.

ஸ்டாக்புக்கில் தடித்த பக்கங்களின் மீதுள்ள கிளாசின் (வழவழப்பான, ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்) பட்டைகளுக்குள் தலைகளைச் செருகிவைக்கிறோம். இடம் மாற்றுவது எளிது, விலையும் குறைவு. ஆனால் நடுவில் பக்கம் சேர்க்க இயலாது. நிரம்ப அடைத்துப் படுக்கவைத்தால் எடை முழுவதும் பசையின்மேல் அழுத்தும்.

ரிங் பைண்டரில், அறைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள்களைத் தனித்தனியே கழற்றலாம் என்பதே மலையில் வாழ்பவருக்குப் பெரிய வசதி. பூஞ்சைப் புள்ளி கண்ட தாளை மட்டும் உடனே பிரித்தெடுத்து, மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம். 2006இல் வெளியான குறிஞ்சி அஞ்சல்தலையையும் அதன் முதல் நாள் உறையையும் (வெளியீட்டு நாளின் முத்திரையோடு அஞ்சல்தலை ஒட்டிய உறை) அடுத்தடுத்து வைக்க விரும்புபவருக்கு, வெவ்வேறு அளவு அறைகள் கொண்ட தாள்களைக் கலந்து கோக்கும் வாய்ப்பும் இதில்தான் உண்டு. அந்தத் தாள்கள் பிவிசியாக இருக்கக் கூடாது. அதிலிருந்து கசியும் நெகிழ்விப்பான் (பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் வேதிப்பொருள்) அச்சு மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் தாளையே கேட்டு வாங்க வேண்டும். (கோப்புகளுக்கென விற்கும் மலிவான பிளாஸ்டிக் உறைகள் கண்ணுக்குப் பளபளப்பாக இருப்பதோடு சரி.) பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும் என்பதால், மழைநாளில் தலைகளைச் செருகாமல் வறண்ட பிற்பகலில் செருகுவது நல்லது.

என் கருத்தில், முத்திரை குத்தப்பட்ட தலைகளுக்கும் பரிமாற்றத்துக்கான உபரிகளுக்கும் ஸ்டாக்புக் போதும். பசை கலையாதவற்றுக்கு ரிங் பைண்டரே தகும். எதுவாயினும், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டும்.