பழைய பார்க்கர் 51 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய பவுண்டன் பேனாக்களை இணையத்தில் விற்கும் ஒருவர் ஒரு பார்க்கர் 51ஐப் பொய் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். அவர் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை இன்னும் பலர் செய்கிறார்கள்.

"1942 தயாரிப்பு, எல்லாப் பாகமும் ஒரிஜினல், தங்க மூடி" என்பது விளம்பரம். பணம் அனுப்பும் முன்பே பேனா உடலில் உள்ள பொறிப்பைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்ற வரியை ஒட்டி 2 என்ற எண்ணும் அதன் அருகே புள்ளிகளும் தெளிவாக இருந்தன. அந்தக் காலத்து அமெரிக்கப் பார்க்கரில் அந்த எண் ஆண்டின் கடைசி இலக்கம். புள்ளிகள் காலாண்டுக்கு: முதல் காலாண்டில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசிக் காலாண்டில் புள்ளியே இருக்காது. எண் 2 மட்டும் இருந்தால் 1942ஆகவும் இருக்கலாம், 1952ஆகவும் இருக்கலாம். ஆனால் படத்தில் பின்முனையில் கழற்றக்கூடிய சிறு மூடி சேரும் கோடும் தெரிந்தது. அது 1942க்குப் பொருந்தும். நம்பிப் பணம் அனுப்பினேன்.

கைக்கு வந்தது வேறு பேனா. பின்முனையில் அந்தக் கோடே இல்லை. உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோக உறை, அதில் அழுத்தி மை இழுக்கும் பட்டை. அதாவது ஏரோமெட்ரிக். பார்க்கர் 51இல் இந்த அமைப்பு வந்ததே 1948இல்தான். அதற்கு முந்தையவை வாக்குமாட்டிக் வகை, பின்முனை மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் குமிழை அழுத்தி அழுத்தி மை நிரப்ப வேண்டும். ஆக, 1942 என்பது பச்சைப் பொய்.

பொறிப்பு இருக்க வேண்டிய இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மீதி வழவழவென்று தேய்ந்திருந்தது, எண் இருந்த சுவடே இல்லை. இந்தப் பேனாக்களில் பொறிப்பு ஆழமில்லாதது, பாலிஷ் கொஞ்சம் அழுத்திப் போட்டாலே போய்விடும். தற்செயலாகப் போனதா, வேண்டுமென்றே போக்கினார்களா என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. படத்தில் இருந்த பேனா இது இல்லை, அவ்வளவுதான்.

மூடியிலும் இதே கதை. விளிம்பருகே 1/10 12கே என்று இருந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கு தங்கக் கலவை, அந்தக் கலவையிலும் பாதிதான் தங்கம் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் 5 சதவீதம். தங்கத் தகடு போர்த்திய மூடி நல்ல மூடிதான், குறை சொல்ல மாட்டேன். அதைத் தங்க மூடி என்று விற்பதுதான் மோசடி.

கேட்டதற்கு, "பழைய பேனாவில் பாகம் மாறியிருப்பது சகஜம், திருப்பி எடுக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார். படத்தைப் பற்றிக் கேட்டேன், பதிலே இல்லை.

பிறகு அவருடைய மற்ற விளம்பரங்களைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஒரு வாட்டர்மேன் 52ஐ "1884ஆம் ஆண்டுப் பேனா" என்று போட்டிருக்கிறார். 1884 என்பது காப்புரிமை பெற்ற ஆண்டு, பல பத்தாண்டுகள் அதை உடலில் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். 52இல் உள்ள 5 லீவர் வகையை, அதாவது உடலின் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலைத் தூக்கி மை நிரப்பும் வகையைக் குறிக்கும், 2 நிப்பின் அளவு. வாட்டர்மேன் லீவர் வைக்கத் தொடங்கியதே 1915 வாக்கில். இன்னொரு பேனாவில் 'ஐரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்ற நிப். அது எந்த நிறுவனத்தின் பெயரும் அல்ல. பின்னாளில் மலிவு எஃகு நிப்களில் குத்திவரும் வாசகம், அதற்கும் "ஒரிஜினல்" பட்டம்.

கருப்பு எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களிலும் கவனம் தேவை. வெயிலும் ஈரமும் பட்டால் எபொனைட் பழுப்பேறும். உடல் புதுசாகப் பளபளத்து, எழுத்துகளின் ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் யாரோ மேற்பரப்பைத் தேய்த்திருக்கிறார்கள். எழுத்து மட்டும் கூர்மையாக இருந்து சுற்றியுள்ள இடம் தேய்ந்திருந்தால் அது புதிதாக வெட்டப்பட்டதா என்று கேளுங்கள்.

இனி யாரிடம் வாங்கினாலும் பொறிப்பை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். முழுப் பேனாவும் பொறிப்பும் ஒரே படத்தில் வரட்டும், பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். 51 என்றால் உடலைக் கழற்றி உள்ளே உள்ள மை நிரப்பும் அமைப்பையும் காட்டச் சொல்லுங்கள்.