அப்பா வாங்காத கடனுக்கு அம்மாவிடம் வசூல்

இந்த முறை ஊரில் ஆதார் முகவரி மாற்றமும் வாரிசுச் சான்றிதழும் எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்துவிட்டதால், அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரை ஊரில் தனியே விட்டிருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது, கும்பகோணத்து வீட்டில் இரவு எட்டே முக்கால் மணிக்கு அம்மாவின் கைப்பேசிக்கு வந்த ஓர் அழைப்பு.

தனியார் நிதி நிறுவனமொன்றின் வசூல் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்த நபர், காலமான அப்பா தனிநபர் கடன் வாங்கியிருந்ததாகவும், வட்டியோடு அறுபதாயிரத்துக்கு மேல் நிலுவை இருப்பதாகவும், அன்றிரவே 18,500 ரூபாய் கட்டினால் 'செட்டில்மென்ட்' ஆகிவிடும் என்றும், இல்லையென்றால் காலையில் வாரண்டோடு ஆள் வரும் என்றும் சொன்னார். அப்பாவின் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் தடுமாறாமல் வாசித்ததில்தான் அம்மா ஆடிப்போனார். "அப்பா நம்மகிட்ட சொல்லாம வாங்கியிருப்பாரோடா?" என்று கேட்டுக்கொண்டே பீரோவைத் திறந்து அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு நகைக்கடனுக்கும் தேதி, கிராம், வட்டி எழுதி, மீட்ட நாளில் சிவப்பு மையில் அடித்துவிடும் மனிதர் அப்பா. தவணை நாள் தவறினால் வங்கியிலிருந்து பதிவுத் தபால் வரும், தபால்காரர் அட்டையில் கையெழுத்து வாங்குவார் என்பதுதான் அம்மா அறிந்த உலகம்.

தொலைபேசியை வாங்கி நான் கேட்டவை மூன்றே: கடன் கணக்கு எண், கடன் கொடுத்த கிளை, எழுத்தில் ஒரு நோட்டீஸ். "அதெல்லாம் லீகல்ல இருக்கு சார், முதல்ல பணத்தைப் போடுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ முகவரியோ ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. இன்னொன்றும் உறுத்தியது: அவர் வாசித்தது எங்கள் வீட்டின் பழைய கதவு எண். கடன் வாங்கியதாகச் சொன்ன காலத்துக்கு வெகு முன்பே அப்பா தம் வங்கி ஆவணங்கள் அனைத்திலும் புதிய எண்ணுக்கு மாறிவிட்டார். எங்கிருந்தோ கசிந்த பழைய பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, மறுநாள் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். அப்பாவின் பெயரில் அப்படியொரு கடனே இல்லை என்றார்கள். அழைத்தவர் தரும் எண்ணில் சரிபார்ப்பது சரிபார்ப்பே ஆகாது.

நான் வசிக்கும் அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூல் நிறுவனம் முதலில் தொடர்புகொண்ட ஐந்து நாட்களுக்குள் கடன் விவரத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும்; அதை மறுத்து எழுத நமக்கு 30 நாட்கள் உண்டு. இங்கே விதி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்த முகமையிடம் வசூல் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கடன்தாரருக்கு வங்கி தெரிவிக்க வேண்டும். நேரில் வரும் முகவர் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். தவணை கட்டாதது உரிமையியல் விவகாரமே தவிர, இரவோடிரவாகக் கைது செய்யும் குற்றமன்று. அம்மாவின் பெரிய பயமான வீடு விஷயத்திலும், இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பளவுக்கே பொறுப்பு. சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

இவ்வளவு விதிகளும் அம்மாவைப் போன்றவர்களின் காதுக்கு எட்டவே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. எங்கள் வங்கிக் கிளையில் முதலில் பேசிய அதிகாரி, "எல்லாருக்கும் வருது, கண்டுக்காதீங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். நகைக்கடன் பிரிவில் இருந்த அம்மையார்தான் அம்மாவை உட்காரவைத்து, நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும், சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பதையும், அம்மாவின் பெயரில் யாரேனும் கடன் வாங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமை நியூஜெர்சியில் எந்த வங்கியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அடுத்த வாரமே, லாக்கர் வாடகை பற்றி அதே கிளையிலிருந்து வந்த உண்மையான அழைப்பும் ஒரு சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்துதான் வந்தது. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்றே 1600 எனத் தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்க, வங்கியே இப்படி அழைத்தால் எழுபது வயதுப் பெண்மணி எதை வைத்து வேறுபடுத்துவார்?

அந்த மோசடி எண்ணை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான 'சக்‌ஷு' பகுதியில் புகார் செய்தேன். பணம் போயிருந்தால் நொடியும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்; எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வாடிக்கையாளர்களை எந்த எண்ணிலிருந்து அழைப்போம் என்பதைக் கிளை வாசலில் தமிழில் எழுதி வைக்கும்படி மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.